பத்திருச்சி, நிப்பாட்டு!

பியட்றிஸுக்குக் கோபம் வந்தால் கலஹா ரோட்டில் அவள் வீட்டு வளைவு முழுக்கக் கேட்கும். அதற்காக அவளைச் சண்டைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் எழும்பி ரோல்ஸும் கட்லட்டும் பொரித்து, பெட்டியில் அடுக்கி, பேராதனைக் கடைகளுக்கென்று முதல் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து புருசனின் மூக்குக் குழாயைச் சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பின்வளவுக்குப் போய் ஓர் இரும்புச் சனியனோடு மல்லுக்கட்டுகிற பொம்பிளைக்கு எவ்வளவு பொறுமை இருக்க முடியுமோ அவ்வளவு அவளுக்கும் இருந்தது. கார்த்திகைக் குளிர் தொடங்கியதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டு வந்தது, அவ்வளவுதான்.

அந்த இரும்புச் சனியன் ஒரு ஜெனரேட்டர். சின்னது, பெற்றோலில் ஓடுவது. மகள் ஷாமலா இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி உழைத்த காசில் வாங்கித் தந்தது. புருசன் வில்பிரட்டின் நெஞ்சு இனித் தேறாது என்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒக்சிஜன் மிசின் ராப்பகலாக ஓட வேண்டும். கரண்ட் போனால் கைகாவலுக்கு ஒரு சின்ன சிலிண்டர். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலஹா ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அங்கே கரண்டின் லட்சணமும் தெரியும். மலையில் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போதும், ஏதாவது ஒரு சவுக்கு மரம் கம்பி மேல் சாயும். பிறகு வயர்காரர்கள் வந்து பார்த்து, போய், திரும்பி வருவதற்குள் குளிர்ப்பெட்டியில் இறைச்சி நாறிவிடும். இறைச்சி நாறினால் இன்னொரு கிலோ வாங்கலாம். வில்பிரட்டுக்கு மூச்சு நின்றால் என்னத்தை வாங்குவது?

இதைத்தான் வில்பிரட்டின் தம்பி றொட்னியும் கேட்டான். றொட்னி கண்டி டவுனில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். கெட்டவன் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலேயே நிற்கிற ரகம். கதிரையில் உட்காராமல், சப்பாத்தைக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே சொன்னான்.

"அண்ணி, ஒங்களக் குத்தம் சொல்ல வரல்ல. நத்தார் பண்டிகைக்கு முந்தி அந்த மிசின் ஒழுங்கா ஓடுறத எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி அண்ணன நீர்கொழும்புல சிஸ்டர்மார் வச்சிருக்கிற இல்லத்துக்குக் கொண்டுபோயிருவோம். அங்க பெரிய ஜெனரேட்டர் இருக்கு. கரண்ட் போறதே தெரியாது. ஷாமலாகிட்டயும் பேசிட்டேன்."

ஷாமலாவும் போனில் அழுது அழுது அதைத்தான் சொன்னாள். வில்பிரட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். றொட்னி போன பிறகு பியட்றிஸ் போர்வையை இழுத்துவிடப் போனபோது அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை, ஆனாலும் விடவில்லை.

"என்ன... அனுப்பிறாத."

"யாரு அனுப்புறா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் எவனும் ஒங்கள இந்தக் கட்டில்ல இருந்து தூக்க ஏலாது. படுங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே நின்ற ஜெனரேட்டர். அதுவோ கார்த்திகை பிறந்ததிலிருந்து அவளைப் போட்டு வதைத்தது.

தினமும் காலையில் அதை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது வழக்கம். கையிழுப்புக் கயிறு. இழுத்தால் தோள்பட்டை கழன்று வருகிற மாதிரி இருக்கும். நாலைந்து இழுப்பில் கனைக்கும், இருமும், பிறகு படபடவென்று பற்றிக்கொள்ளும். பற்றின மறு விநாடியே யன்னலுக்குள்ளிருந்து வில்பிரட்டின் குரல் வரும்.

"பத்திருச்சி! நிப்பாட்டு! நிப்பாட்டு!"

அவளும் நிப்பாட்டிவிடுவாள். பற்றுகிறதா என்று பார்க்கத்தானே போட்டது? பற்றிவிட்டது. அதற்கு மேல் எதற்குப் பெற்றோலை எரிப்பது? மழை படாமல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போர்த்தி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு உள்ளே வருவாள்.

பெற்றோல் விசயத்தில் வில்பிரட்டோடு யாரும் பேச முடியாது. அவர் த்ரீவீல் ஓட்டிய மனுசன். நாடு பெற்றோல் இல்லாமல் தவித்த அந்த வருசம் பேராதனையிலும் கெட்டம்பேயிலும் பெற்றோல் ஷெட் வரிசையில் கிடந்தவர். வீலுக்குள்ளேயே மடங்கிப் படுத்து, மழையில் நனைந்து, காய்ச்சலோடு திரும்பி வந்தவர். ஏற்கெனவே பீடிப் புகையில் பாதி போயிருந்த நெஞ்சு அந்தக் காய்ச்சலோடு முழுசாகப் போயிற்று. பிறகு வீலையும் விற்றாயிற்று. ஆனால் அந்த வரிசை மட்டும் அவருடைய மண்டைக்குள் இன்னும் கலையவில்லை. பின்வளவில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பெற்றோல் கேனை, கட்டிலில் படுத்தபடியே யன்னல் வழியாகக் காவல் காப்பார். சில பேர் வாசலில் நாயைக் கட்டுவார்கள், இந்த வீட்டில் அந்த வேலையை வில்பிரட்டே பார்த்துக்கொண்டார்.

சரி, வதை என்ன என்று சொல்ல வேண்டுமே. ஒரு நாள் காலையில் ஜெனரேட்டர் பற்றவே இல்லை. இழுத்தாள், இழுத்தாள், கை காய்த்துப் போயிற்று. கடைசியில் ஒரு தடவை இருமிவிட்டு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஒயில் குறைந்திருக்குமோ என்று மூடியைத் திருகித் திறந்தாள். திறந்தவள் அப்படியே குந்திவிட்டாள். மூடியின் அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று, சான்ட்விச்சுக்கு அவள் தடவுகிற மயோனைஸ் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒயில் முழுக்கப் பால் தேத்தண்ணி நிறம்.

"மாதாவே, இது என்ன கருமம்!"

முதல் வைத்தியர் பக்கத்து வீட்டு வீரையா. தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வெடுத்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "மழத் தண்ணி எறங்கிருச்சி தங்கச்சி. ஒயில மாத்திட்டு நல்லா இறுக்கி மூடி வைங்க" என்றார். அவள் ஒயிலை மாற்றினாள். விரிப்புக்கு மேல் இன்னொரு விரிப்பு, அதற்கு மேல் பழைய மழைக்கோட்டு, சுற்றிவரக் கயிறு. ஓர் எறும்புகூட உள்ளே போக வழியில்லாத அளவுக்குக் கட்டினாள். ஒரு கிழமை போகவில்லை, திரும்பவும் மயோனைஸ்.

இரண்டாவது வைத்தியர் டவுன் பக்கம் ஒரு கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ். த்ரீவீல் பிடித்து, ஜெனரேட்டரைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனாள். அவர் மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், தலையை ஆட்டி, ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்றார். கழற்றினார், எதையோ மாற்றினார், பூட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவைத்து, பெருமையாக யன்னலண்டை போய் வில்பிரட்டிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

"கெஸ்கட் போனா... ரேடியேட்டர் தண்ணி ஒயில்ல கலக்கும். இதுல... ரேடியேட்டரே இல்லியே. காத்துல ஆறுற எஞ்சின்."

"இத நான் போறதுக்கு முந்தி சொன்னா என்ன?"

"நீ கேக்கல்லியே."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்திருப்பாள். கோப்பை நல்ல கோப்பை என்பதால் தப்பியது. இருபத்தைந்து வருசமாக இதே கதைதான். தனக்குத் தெரிந்ததை, தன் மனசில் கிடப்பதை, யாராவது கிண்டிக் கிளறி எடுத்தால் தவிர வாயைத் திறக்கவே மாட்டார் இந்த மனுசன். கேட்டால், நீ கேட்கவில்லையே!

"சரி, இப்ப கேக்கிறேன். அப்ப தண்ணி எங்கால வருது?"

வில்பிரட் கூரையைப் பார்த்தார். "என் வீலுக்கு இப்பிடி... ஒரு நாளும் வந்ததில்ல. ஒயில்காரன்தான்... தண்ணி கலக்கிறான்."

இது அவளுக்கு நியாயமாகப் பட்டது. வாங்குகிற பாலில் தண்ணி, விற்கிற மிளகாய்த் தூளில் செங்கல், ஒயிலை மட்டும் எவன் சும்மா விடப்போகிறான்? ஒயில் வாங்கியது அக்குறணையில், ஹுதைபா என்பவரின் கடையில். மோட்டார் சாமான் அங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, கறிமசாலா வாங்கப் போன நாளில் அங்கேயே வாங்கி வந்திருந்தாள். அடுத்த நாளே, கராஜில் வடித்துத் தந்த பால் நிற ஒயிலை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, துணியில் சுற்றி, வில்பிரட்டைப் பார்த்துக்கொள்ள வீரையாவின் பெண்சாதியை உட்காரவைத்துவிட்டு, கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாத்தளை ரோட்டு பஸ் என்று ஏறி இறங்கினாள். வழி நெடுகச் சண்டையை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். அது நல்லதாகப் போயிற்று, நாலு பேர் கேட்கட்டும். ஜாம் போத்தலைக் கண்ணாடி மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"இதுதான் நீங்க விக்கிற ஒயிலோட அழகு. தண்ணி கலந்து விக்கிறீங்களே, வீட்டுல ஒரு மனுசன் மூச்சுக்குக் கெடக்கிறான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

ஹுதைபாவின் முகம் சிவந்துவிட்டது. "யா அல்லாஹ்! என்னாக்கா இப்பிடிப் பேசுறீங்க? சொந்தக் கடையில வச்சி மானத்த வாங்குறீங்களே!" அதே பெட்டியிலிருந்து புதுப் போத்தல் ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்க மூடியை உடைத்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. "பாருங்க. இதுல எங்க ஈக்கிது தண்ணி?"

"கடையில இருக்கிற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாம் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் தள்ளி நின்றது. "ஒங்கட வீடு எங்க?"

"கலஹா ரோட்டுல."

"பனி கூடின பக்கம். சரி, இத ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுறீங்க?"

பியட்றிஸ் நிமிர்ந்து நின்றாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் பெருமையான பதில் இருந்தது. "நாங்க ஒரு சொட்டுப் பெற்றோல் வீணாக்க மாட்டோம். ஒவ்வொரு நாளும் காலையில போடுவோம். பத்தினதும் நிப்பாட்டிருவோம்."

ஹுதைபா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே பார்த்தார்.

"அக்கா, அதுதான் மிசினுக்கு வந்த வருத்தமே. பெற்றோல் எரிஞ்சா அதோட தண்ணி ஆவியும் வரும். அதுல கொஞ்சம் ஒயில் பக்கமும் எறங்கும். எஞ்சின் நல்லாச் சூடாகினா அதெல்லாம் காஞ்சி வெளியால போயிடும். நீங்க குளிருக்குள்ள பத்த வச்சி, சூடாக முந்தியே நிப்பாட்டுறீங்க. தண்ணி உள்ளுக்கே நின்டு ஒயிலோட கலந்து போகுது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நீங்களே ஊத்துறீங்க, வேற யாருமில்ல."

"அப்ப போடவே கூடாதா?"

"போடுங்க. போட்டா அர மணித்தியாலமாவது ஓட விடுங்க. சும்மா ஓட விடாம அயன், கேத்தல் ஏதாச்சும் ப்ளக்குல குத்தி வேல குடுங்க. மூடுறதயும் சூடு ஆறினதுக்குப் பொறகு, காத்துப் போக வெளி விட்டு மூடுங்க."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை. உடைத்த அந்தப் போத்தலையே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரியா வராட்டி திரும்பி வருவேன்" என்றாள்.

"வருவீங்கன்டு தெரியும்" என்றார் ஹுதைபா.

பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எரிச்சல் முழுசாக மண்டைக்கு ஏறியது. இது அவளுக்குத் தெரியாத விசயமா? சுடச்சுட ரோல்ஸை அடுக்கிப் பெட்டியை மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணி திரும்ப ரோல்ஸில் விழுந்து, பேராதனைக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் நொதநொதத்துப் போகும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள் அவள். தன் அடுப்பங்கரையில் தெரிந்தது பின்வளவில் தெரியாமல் போயிற்றே! அந்த விரிப்பும் மழைக்கோட்டும் கயிறும்! மாற்றி மாற்றி ஊற்றிய ஒயில்! கெஸ்கட்! கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் தன்னைத் திட்டி முடித்துவிட்டாள். மிச்ச வழிக்கு வில்பிரட் இருந்தார். பற்றினதும் நிப்பாட்டு, நிப்பாட்டு என்று தொண்டை கிழியக் கத்தியது யார்?

வீட்டுக்கு வந்ததும் சட்டத்தை மாற்றினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணித்தியாலம், அயன் குத்தி. வில்பிரட்டுக்கு விளக்கமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஜெனரேட்டர் பற்றியதும், ஆட்டிய அதே தலையைத் தூக்கி, "பத்திருச்சி! நிப்பாட்டு!" என்றார்.

"நிப்பாட்ட மாட்டேன்!"

"பெற்றோல்!"

"எரியட்டும்! எரியத்தான் வாங்கினது!"

அவர் கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கினார். டிங், டிங், டிங் என்று. தட்டித் தட்டி மூச்சு முட்டியது, இருமினார், இருமலில் கண் பிதுங்கியது. அவள் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிப்பாட்டிவிட்டு வந்து முதுகைத் தடவினாள். அடுத்த தடவை மூடியைத் திறந்தபோது அடியில் திரும்பவும் வெள்ளைப் படலம். அன்றைக்கு அவள் பின்வளவில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். ஓட விட்டால் மனுசன் சாகிறான், நிப்பாட்டினால் மிசின் சாகிறது. நத்தாரோ பக்கத்தில் வந்துவிட்டது. இந்த லட்சணத்தில் றொட்னிக்கு எதைக் காட்டுவது?

பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். காதில் பஞ்சை அடைத்தாள். அவர் தட்டட்டும், கத்தட்டும், சோற்றைத் தள்ளிவைக்கட்டும். எஞ்சினின் உடம்பு தொட முடியாமல் சுடுகிற வரைக்கும் ஓட விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒயில் தெளிந்தது. கயிறும் இரண்டாம் இழுப்பிலேயே வேலை செய்தது. வீட்டுக்குள் மட்டும் பேச்சு வார்த்தை இல்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போய்த் தன்னையே நாடு கடத்தப் பார்க்கிறாரே என்று அவளுக்குத் தாங்கவில்லை. இப்படி ஒரு கஞ்சப் பிசினாறியையா நான் காப்பாற்றப் பாடுபடுகிறேன் என்று மாதா படத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

றொட்னி சொன்ன தவணைக்கு வேனோடு வந்துவிட்டான். ராத்திரியெல்லாம் காற்று அடித்து ஓய்ந்திருந்த காலை. ஜெனரேட்டரைப் பார்க்கக்கூட அவன் பின்பக்கம் போகவில்லை. நீர்கொழும்பில் இடம் சொல்லியாயிற்று, இன்றைக்கு விட்டால் வருசம் பிறந்துதான் கிடைக்கும் என்றான். அலுமாரியைத் திறந்து வில்பிரட்டின் உடுப்புகளை ஒரு பெட்டிக்குள் வைத்து வேனில் ஏற்றினான். பியட்றிஸ் வழியை மறித்தாள்.

"ஓடுது தம்பி! இப்ப நல்லா ஓடுது. வந்து பாருங்க."

"ஒங்களுக்காக ஒரு அஞ்சு நிமிசம் ஓடும் அண்ணி. கரண்ட் ஒரு நாள் முழுக்க இல்லாமப் போனா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சொல்லிவைத்தாற்போல கரண்ட் போயிற்று. மேலே எங்கோ மரம் முறிந்த சத்தமும் பின்னால் வந்தது. ஒக்சிஜன் மிசின் கீச்சென்று கூவத் தொடங்கியது. பியட்றிஸ் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிப் பூட்டினாள். பிறகு பின்னால் ஓடினாள். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாம் இழுப்பிலும் இல்லை. "சனியனே, என் மானத்த வாங்கிறாத" என்று பல்லைக் கடித்து இழுத்த இழுப்பில் பற்றிக்கொண்டது. வயரைக் குத்தினாள். உள்ளே ஒக்சிஜன் மிசின் கூவலை நிப்பாட்டிவிட்டு மூச்சுவிடத் தொடங்கியது.

றொட்னி கதிரையை இழுத்துப் போட்டு, முதல் தடவையாக அந்த வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். எப்போது நிற்கும் என்று பார்ப்பதற்குத்தான் உட்கார்ந்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஜெனரேட்டர் நிற்கவில்லை. அவள் சோறு வடித்தாள், கறி வைத்தாள், அது ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்து, கேனில் இருந்ததை டாங்கியில் ஊற்றி, திரும்ப இழுத்தாள். சூடான எஞ்சின் ஒரே இழுப்பில் பற்றியது. கேன் காலியாயிற்று.

அந்தக் காலிக் கேனை யன்னல் வழியாக வில்பிரட்டும் பார்த்திருக்க வேண்டும். அவள் குசினியில் இருந்தபோது றொட்னி அலறினான்.

"அண்ணி! அண்ணி, ஓடி வாங்க!"

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வில்பிரட்டின் மூக்கில் குழாய் இல்லை. கழற்றித் தலையணைக்கு அடியில் செருகியிருந்தார். உதடு கறுத்து, வாய் மீனைப் போலத் திறந்து திறந்து மூடியது. கை மட்டும் பின்வளவைக் காட்டி, நிப்பாட்டு, நிப்பாட்டு என்று ஆடியது. பியட்றிஸ் குழாயை இழுத்தெடுத்து மூக்கில் பொருத்தினாள். நிறம் திரும்பும் வரைக்கும் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பியதும் அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"என்ன மனுசன் நீங்க? பெற்றோல மிச்சம் புடிச்சி எங்க கொண்டு போகப் போறீங்க? ஒங்க பொட்டியில வச்சிப் பொதைக்கவா? நான் ரோல்ஸ் சுத்திச் சுத்தி, பஸ் ஏறி ஏறி, ஊரெல்லாம் சண்ட புடிச்சி இந்த மிசின ஓட வச்சிருக்கேன், நீங்க மூச்ச நிப்பாட்டுறீங்க! சொல்லுங்க! இப்ப நான் கேக்கிறேன், வாயத் தொறந்து சொல்லுங்க! அந்தப் பெற்றோல் ஒங்களுக்கு அப்பிடி என்ன?"

வில்பிரட் அவளைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்செடுத்து மூச்செடுத்துச் சொன்னார்.

"முடிஞ்சா... நீதானே... லைன்ல போய் நிப்ப."

அவளுக்கு விளங்கவில்லை. "எந்த லைன்ல?"

"அன்னைக்கி... காய்ச்சல்ல... ஒன்ன நிக்க வச்சிட்டு வந்தேன். திரும்பி வந்தா... ரோட்டோரத்துல... ஒன்ன கெடத்தியிருந்தாங்க. யாரோ... தொப்பியால வீசிக்கிட்டு. செத்துட்ட... செத்துட்டன்னு நெனச்சேன்."

அப்படி ஒன்று நடந்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது. கெட்டம்பேயில், வெயிலில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நின்று விழுந்தாள். யாரோ பிளேன்டீ வாங்கித் தந்தார்கள், குடித்துவிட்டு எழும்பி மறுபடி வரிசையில் நின்றாள்.

"அது பசி மயக்கங்க" என்றாள். கத்துவதற்குத்தான் தொடங்கினாள், பாதியில் கை அவருடைய போர்வையை இழுத்துவிடப் போய்விட்டது. "அந்த லைனெல்லாம் எப்பவோ போயிருச்சி. இப்ப ஒரு லைனும் இல்ல."

அவர் நம்பாமல் தலையை ஆட்டினார். நோயில் விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரியையும் இந்தக் கட்டிலையும் தவிர அவர் எதைப் பார்த்தார்?

றொட்னி எழும்பினான். சப்பாத்தைப் போடாமலே பின்பக்கம் போய்க் காலிக் கேனை எடுத்தான், வேனில் ஏறினான். சாப்பாடு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். நிறைந்த கேனைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் காலை வைத்தவனை, "உள்ளுக்குக் கொண்டு வராதீங்க தம்பி, ஒக்சிஜன் ஓடுது!" என்று பியட்றிஸ் அதட்டினாள். அவன் சுற்றிக்கொண்டு போய், தள்ளி நின்று, யன்னலுக்கு நேரே கேனைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, ஷெட்டுல ஒரு ஆள் இல்ல. பம்ப் அடிக்கிறவன் கதிரையில இருந்து போன் பாத்துக்கிட்டு இருந்தான். நான் மட்டும்தான்."

"ஒருத்தரும்... இல்லியா?"

"ஒருத்தரும் இல்ல."

வில்பிரட் இன்னொரு தடவை அதைச் சொல்லச் சொன்னார். றொட்னி சொன்னான். அவர் மூக்குக் குழாயைத் தன் கையாலேயே சரிசெய்துகொண்டு, தலையணையில் சாய்ந்தார்.

"அப்ப... ஓடட்டும்."

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா எத்தன போத்தல் ஒயில் மிச்சம்!" என்றாள் பியட்றிஸ். சொன்னவளுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஒயில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். ஓடுகிற எஞ்சினில் யாரும் ஒயில் பார்ப்பதில்லை. அது றொட்னிக்கும் தெரியும். அவன் வேனில் ஏற்றியிருந்த அண்ணனின் பெட்டியை இறக்கப் போனான்.